தலையில் இல்லை... பூவில் இருக்கிறது!

ஒரு மனிதனின் விலை 2 கோடியே 40 லட்சம் வெள்ளிக் காசுகள்!

ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. இங்கிலாந்து ராஜா முதலாம் ரிச்சர்ட். 'சிங்க நெஞ்சன்' என்று பட்டப்பெயர். சிலுவைப் போருக்குப் போய், சலாதீனோடு மோதிவிட்டு ஊர் திரும்பும் வழியில், 1192 டிசம்பரில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மாறுவேஷத்தில் மாட்டிக்கொண்டார். பிடித்தவர் ஆஸ்திரியாவின் டியூக் லியோபோல்ட். பழைய பகை. அவர் சரக்கை ஜெர்மானியப் பேரரசர் ஆறாம் ஹென்றியிடம் கைமாற்றி விட்டார். பேரரசர் போட்ட ரேட், 1,50,000 மார்க்.

மார்க் என்பது காசு அல்ல, கணக்கு. ஒரு மார்க் என்றால் 160 வெள்ளிப் பென்னி. பெருக்கிப் பார்த்தால் மேலே சொன்ன தொகை வரும். தராசில் போட்டால் சுமார் 35 டன் வெள்ளி. நாலைந்து லாரி லோடு! மக்களின் வருமானத்தில் நாலில் ஒரு பங்கை வரியாக வாங்கினார்கள். சர்ச்சுகளில் இருந்த வெள்ளிப் பாத்திரங்களை அள்ளினார்கள். சிஸ்டர்சியன் துறவிகள் வளர்த்த ஆடுகளின் கம்பளி ரோமத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. 1,00,000 மார்க் போய்ச் சேர்ந்த பிறகுதான் 1194 பிப்ரவரியில் ராஜா வெளியே வந்தார்.

விஷயம் இதில்லை. இத்தனை பாடுபட்டு மீட்ட இந்த ராஜாவின் பெயர், அவர் ஆட்சியில் இங்கிலாந்தில் அடித்த காசு ஒன்றில்கூடக் கிடையாது!

அந்தக் காசுகளில் இருப்பது 'ஹென்ரிகஸ் ரெக்ஸ்'. அதாவது, ஹென்றி ராஜா. செத்துப்போன அப்பா!

பழங்காசு சேகரிப்பவர்களில் ஒரு கோஷ்டி இருக்கிறது. ரோமானியத் தங்கம், மொகலாய மோஹர் என்று போகாமல், இந்த நகக்கண் அளவு வெள்ளித் துண்டுகளின் பின்னாலேயே ஆயுசு முழுக்க அலைவார்கள். பிளாண்டாஜெனட் வம்சத்து பென்னிகள். 1154-ல் இரண்டாம் ஹென்றி ஆரம்பித்த வம்சம் அது. அவர் மகன்கள் ரிச்சர்ட், ஜான். ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி. அவர் மகன் முதலாம் எட்வர்ட். இந்த ஐந்து பேரின் காலம் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

காசு எப்படி இருக்கும்? நம்ம ஐம்பது பைசாவைவிடச் சின்னது. குறுக்களவு 18, 19 மில்லிமீட்டர். எடை ஒன்றரை கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை வெள்ளி, மீதி செம்பு. 'ஸ்டெர்லிங்' என்று இன்றைக்கும் நகைக்கடையில் சொல்கிறார்களே, அதே தரம். இரண்டு விரலால் அழுத்தினால் வளைந்துவிடும். அப்பளம் மாதிரி மெலிசு.

செய்முறை ரொம்ப சிம்பிள். ஒரு மரக்கட்டை. அதில் ஆணி போல் இறக்கிய இரும்பு அச்சு. அதன் தலையில் ராஜாவின் முகம் குடைந்திருக்கும். அதன் மேல் வட்டமாக வெட்டிய வெள்ளித் தகடு. அதற்கு மேல் இன்னொரு அச்சு, கையில் பிடித்துக்கொள்ள. ஓங்கி ஒரு சுத்தியல் அடி. அவ்வளவுதான், பென்னி ரெடி. மிஷின் கிடையாது, அளவுகோல் கிடையாது. அதனால்தான் ஒரு காசு போல் இன்னொன்று இருக்காது. ஒன்றில் ராஜாவுக்கு மூக்கு இருக்காது. இன்னொன்றில் இரண்டு தரம் அடி விழுந்து நாலு கண் இருக்கும். அடி வாங்குகிற மேல் அச்சு சீக்கிரம் தேய்ந்து போகும் என்பதால், கீழ் அச்சு ஒன்றுக்கு மேல் அச்சு இரண்டு என்று கணக்கு வைத்துக் கொடுப்பார்களாம்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் புழங்கிய காசு இந்த ஒரே ஒரு பென்னிதான். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பதெல்லாம் கணக்குப் பிள்ளையின் பேரேட்டில் மட்டும். ஷில்லிங் காசைக் கண்ணால் பார்த்தவன் கிடையாது. காலணா, அரையணா பார்த்த நம்ம தாத்தா பாட்டிகளுக்கு இது புரியும். ஒரு வித்தியாசம், அவர்களிடம் காலணாவும் கிடையாது. ஒரு பென்னி என்பது ஒரு கூலியாளின் முக்கால் நாள், ஒரு நாள் உழைப்பு. அதைக் கொடுத்து ஒரு ரொட்டி எப்படி வாங்குவது? காசையே கத்தரித்தார்கள்! பாதியாக வெட்டினால் அரைப் பென்னி. நாலாக வெட்டினால் கால் பென்னி. காசின் பின்பக்கம் ஒரு சிலுவைக் கோடு இருந்ததா, வெட்டுவதற்கு வசதியாகப் போயிற்று. அந்த வெட்டுத் துண்டுகள் இன்றும் வயல்களில் கிடைக்கின்றன. சேகரிப்பாளர்கள் அதையும் தனியாக வாங்கி அடுக்குகிறார்கள்.

பெயர் சமாசாரத்துக்கு வருவோம்.

1180-ல் இரண்டாம் ஹென்றி புதுக் காசு வெளியிட்டார். பின்பக்கம் குட்டையான சிலுவை. அதனால் 'குறுஞ்சிலுவைப் பென்னி' என்று பெயர். 1189-ல் ஹென்றி செத்தார். ரிச்சர்ட் வந்தார், காசில் ஹென்றி. ரிச்சர்ட் போய் ஜான் வந்தார், காசில் ஹென்றி. ஜான் போய் மூன்றாம் ஹென்றி வந்தார், அப்போதுதான் பெயர் தற்செயலாகப் பொருந்தியது. 67 வருஷம் ஒரே பெயர், ஒரே முகம், ஒரே சிலுவை. ஏன்? காசுக்கு மார்க்கெட்டில் நல்ல பெயர் இருந்தது. இங்கிலாந்து வெள்ளி என்றால் ஐரோப்பா முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். நன்றாக ஓடுகிற பிராண்டின் லேபிளை எந்த வியாபாரியாவது மாற்றுவானா? ரிச்சர்டுக்குத் தன் பெயரைப் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. பிரான்சில் இருந்த தன் சீமைகளில் 'ரிகார்டஸ்' என்று அடித்துக்கொண்டார். ஜானும் அயர்லாந்தில் மட்டும் தன் பெயரில் அடித்தார். இங்கிலாந்தில் மூச்!

(இதே வித்தையை இங்கிலாந்துக்காரர்கள் பின்னால் நம்மிடமும் காட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த ஆற்காட்டு ரூபாய்களில் மொகலாயர் இரண்டாம் ஆலம்கீர் பெயர் இருந்தது. அவர் 1759-லேயே கொலையாகிவிட்டார். பெயர் மட்டும் அடுத்த நூற்றாண்டு வரை ரூபாயில் உயிரோடு இருந்தது.)

இதனால் சேகரிப்பாளர்களுக்குப் பெரிய தலைவலி. எது அப்பன் காசு, எது பிள்ளை காசு, எது பேரன் காசு? ரொம்ப காலம் எல்லாவற்றையும் ஏதோ ஒரு ஹென்றியின் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். 1864-ல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் எக்கிள்ஸ் என்ற இடத்தில் ஒரு பானை உடைந்தது. உள்ளே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குறுஞ்சிலுவைப் பென்னிகள். ஜான் எவன்ஸ் என்பவர் உட்கார்ந்து பிரித்தார். தொழில், காகித ஆலை நிர்வாகம். பொழுதுபோக்கு, பழங்காசும் கற்கால ஆயுதமும். (கிரீட் தீவில் நாஸஸ் அரண்மனையைத் தோண்டிய ஆர்தர் எவன்ஸ் இவர் மகன்தான்.) எழுத்தின் வடிவம், ராஜாவின் முடிச் சுருள், தாடி, பின்பக்கம் இருந்த பெயர்கள்... எல்லாவற்றையும் அந்தக் கால அரசாங்க ஏடுகளோடு ஒத்துப் பார்த்து 1865-ல் முடிச்சை அவிழ்த்தார். அவர் பிரித்தது ஐந்து வகை. 1915-ல் லாரன்ஸ் என்ற நாணயவியலாளர் அதை எட்டாக்கினார். இன்றும் அதுதான் புழக்கத்தில்.

ஆக, ரிச்சர்ட் காசு வேண்டுமென்றால் பெயரைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. முடியை எண்ண வேண்டும்! ஹென்றி காலத்து ஆரம்பக் காசில் ராஜாவின் இடப்பக்கம் இரண்டு சுருள், வலப்பக்கம் ஐந்து. ரிச்சர்ட் காலத்தில் அடித்தவன் அவசரக்காரன், முகம் கோணல்மாணல். ஜான் 1205-ல் காசைச் சீர்திருத்தியபோது சுருளுக்குள் ஒவ்வொரு புள்ளி வைத்தார்கள். லென்ஸை வைத்துக்கொண்டு செத்த ராஜாவின் தலைமுடியை எண்ணுவதில் என்ன சுகமோ என்று வீட்டுக்காரம்மா கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆனால் என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதே வீண். பூவா தலையா போட்டால் நான் பூ பக்கம்தான். தலை பக்கம் பொய் சொல்கிறது. உண்மையான பெயர் பின்பக்கம் இருக்கிறது.

'நிக்கோல் ஆன் கான்ட்'. கான்டர்பரியில் நிக்கோல். 'ரெனாட் ஆன் லண்ட்'. லண்டனில் ரெனாட். இவர்கள் யார்? காசு அடிக்கும் உரிமை பெற்ற கான்ட்ராக்டர்கள். 'மணியர்' என்று பெயர். ராஜா அச்சைக் கொடுப்பார். இவர்கள் வெள்ளியை வாங்கி, உருக்கி, ஆள் வைத்து அடித்து, கூலி எடுத்துக்கொண்டு, ராஜாவின் பங்கைக் கட்ட வேண்டும். எடை குறைந்தாலோ, செம்பு கூடினாலோ யாரைப் பிடிப்பது? காசைத் திருப்பு. பெயர் இருக்கிறது. ஊர் இருக்கிறது. போய்ப் பிடி.

பி.காம். படித்த எனக்கு 'கணக்குக் காட்டும் பொறுப்பு' என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை இவ்வளவு சுருக்கமாக, ஒன்றரை கிராமில் எழுதி யாரும் காட்டவில்லை.

பிடித்தால் என்ன செய்வார்கள்? பிளாண்டாஜெனட்களுக்கு முந்தைய நார்மன் ராஜா முதலாம் ஹென்றியின் காலத்து உதாரணம் ஒன்றே போதும். பிரான்சில் சண்டையில் இருந்த சிப்பாய்கள் சம்பளக் காசைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். வெள்ளி கொஞ்சம், தகரம் ஏகப்பட்டது. சந்தையில் ஒருத்தனும் வாங்கவில்லை. ராஜாவுக்கு வந்ததே கோபம். 1124 கிறிஸ்துமஸுக்கு நாட்டில் இருந்த மணியர்கள் எல்லோரும் வின்செஸ்டர் நகரத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு போனது. பண்டிகை விருந்து என்று யாராவது நினைத்திருந்தால் பாவம். ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, வலது கையை வெட்டினார்கள். ஆண்மையையும் அறுத்தார்கள். மடத்து ஏடு ஒன்று 94 பேர் என்று கணக்குக் கொடுக்கிறது. அத்தனை பேருமே திருடர்களா? யார் விசாரித்தது!

அப்படி ஒரு ஞாபகம் இருந்தும் கை அரிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. 1180-ல் குறுஞ்சிலுவைக் காசைச் சிறப்பாக அடித்துத் தர பிரான்சின் தூர் நகரத்திலிருந்து பிலிப் ஐமர் என்ற நிபுணரை வரவழைத்தார் இரண்டாம் ஹென்றி. கொஞ்ச நாளிலேயே மோசடிப் புகார். மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள். 'ஃபில் ஐமர், லண்டன்' என்று பின்பக்கம் பெயர் போட்ட காசுகள் இன்றும் கிடைக்கின்றன. அந்த ஆள்தான் என்று நம்பப்படுகிறது. குற்றப்பத்திரிகையோடு குற்றவாளியின் விசிட்டிங் கார்டும் எண்ணூறு வருஷம் கழித்துக் கையில் கிடைக்கிற அதிசயம் வேறு எந்தச் சேகரிப்பில் உண்டு?

மணியரைக் கட்டுப்படுத்தலாம். மக்களை?

காசு வெளியே போனதும் கத்தரிக்கோல் வேலையை ஆரம்பித்தது. கணக்கு சுலபம். இருபது காசின் ஓரத்தில் இருபதில் ஒரு பங்கை மெல்லச் சுரண்டினால் ஒரு காசு எடை வெள்ளி இலவசம். சுரண்டிய இருபதையும் முழு விலைக்கே செலவழித்துக்கொள்ளலாம். சுரண்டலை உருக்கிக் கட்டியாக்கி விற்றுவிடலாம். நல்ல காசு கிடைத்தவன் பெட்டியில் பூட்டுவான், கத்தரித்த காசைச் சந்தையில் தள்ளுவான். கிரெஷாம் விதி என்று காலேஜில் சொல்லிக்கொடுப்பது இதுதான். கிரெஷாம் பிறக்க முந்நூறு வருஷத்துக்கு முன்பே லண்டன் கசாப்புக்கடைக்காரனுக்கு அது அத்துப்படி.

1247-ல் மூன்றாம் ஹென்றி மருந்து கண்டுபிடித்தார். பின்பக்கச் சிலுவையின் நாலு கைகளையும் காசின் விளிம்பு வரை நீட்டிவிட்டார். 'நெடுஞ்சிலுவைப் பென்னி'. நாலு முனையும் தெரியவில்லையா? காசு செல்லாது. தன் பெயரோடு 'மூன்றாவது' என்றும் போட்டுக்கொண்டார். இங்கிலாந்துக் காசில் ராஜாவுக்கு நம்பர் விழுந்தது அப்போதுதான். குழப்பம் தீர்ந்ததா? இல்லை. 1272-ல் அவர் செத்து எட்வர்ட் வந்த பிறகும், ஏழு வருஷம் 'மூன்றாவது ஹென்றி' என்றே அடித்துத் தள்ளினார்கள். பழக்கதோஷம்!

நல்ல மருந்துதான். பில்தான் எகிறியது. பழைய காசைக் கொண்டுவா, புதுசு வாங்கிக்கொள் என்றார்கள். ஆனால் எண்ணிக்கைக்கு எண்ணிக்கை அல்ல, எடைக்கு எடை. கத்தரித்த காசு வைத்திருந்தவன் தலையில் துண்டு. போதாததற்கு அடிகூலிக் கழிவு. இந்த வேலைக்கு முதலீடு போட்டவர் ராஜாவின் தம்பி, கார்ன்வால் பிரபு ரிச்சர்ட். முதலுக்கு 10,000 மார்க் கடன் கொடுத்து, லாபத்தில் பாதியை எழுதி வாங்கிக்கொண்டார். அந்த மாற்றத்தில் ஏழை பாழைகள் பட்ட நஷ்டத்தை மாத்யூ பாரிஸ் என்ற துறவி வயிறெரிந்து எழுதி வைத்திருக்கிறார். காசை யார் கத்தரித்தாலும், கடைசியில் அது யார் கையில் இருக்கிறதோ அவன் கட்ட வேண்டும். ராஜா தம்பிக்கு லாபம்.

நாலு முனையும் தெரியும்படியே சுரண்டக் கற்றுக்கொள்ள மக்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. முப்பது வருஷத்தில் காசு மறுபடி நாறியது. இப்போது எட்வர்ட். இவர் தேடியது மருந்தை அல்ல, ஆளை.

இங்கிலாந்தில் அப்போது இருந்த யூதர்கள் மொத்தமே இரண்டாயிரம், மூவாயிரம் பேர். சட்டப்படி ராஜாவின் உடைமை. நிலம் வாங்க முடியாது, தொழில்களில் சேர முடியாது. விட்டுவைத்திருந்தது வட்டித் தொழில் ஒன்றைத்தான். அதையும் 1275-ல் எட்வர்ட் தடை செய்தார். காசு கைமாறுகிற இடத்தில் இருந்தவர்கள் என்பதால் காசு சுரண்டல் புகார் அவர்கள் மேல் விழுவது சுலபமாயிற்று. சுரண்டியவர்கள் அவர்களில் இருந்திருக்கலாம். எல்லாக் கூட்டத்திலும் இருந்தார்கள். ஆசாரிகள், மணியர்கள், வியாபாரிகள் என்று கிறிஸ்தவர்களும் மாட்டினார்கள்.

1278 நவம்பர் 17. நாடு முழுக்க ஒரே நாளில் யூதர்களின் வீடுகளில் சோதனை. சுமார் 600 பேரை லண்டன் டவரில் அடைத்தார்கள். 1279-ல் விசாரணை. லண்டனில் மட்டும் தூக்கில் தொங்கிய யூதர்கள் 269 பேர். அதே குற்றத்துக்குத் தூக்கில் போடப்பட்ட கிறிஸ்தவர்கள் 29 பேர். மாட்டிய கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். செத்தவர்களின் வீடு, நகை, நிலுவைக் கடன் பத்திரம் எல்லாம் கஜானாவுக்கு.

இது எப்படி நடந்தது என்பதற்கு எட்வர்டே சாட்சி. 1279 மே மாதம் அவர் ஒரு உத்தரவு போட்டார். வெறுப்பின் காரணமாகச் சிலர் யூதர்கள் மேல் பொய்ப் புகார் கொடுக்கிறார்கள், அவர்கள் வீட்டில் சுரண்டல் வெள்ளியைக் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று தெரியவருவதால், இனி புதிதாக வழக்கு வேண்டாம், அபராதத்தோடு விடலாம் என்று. ராஜாவுக்கே தெரிந்திருக்கிறது! தூக்குமரத்திலிருந்து இறக்கியவர்களுக்கு அந்த உத்தரவால் என்ன பயன்?

அதே 1279-ல் எட்வர்டின் புதுக் காசு வந்தது. அழகான காசு, மறுக்க முடியாது. மார்செயில்ஸ் நகரத்து வில்லியம் டி டர்னமைர் என்ற நிபுணர் மேற்பார்வை. கத்தரிக்காமலே செலவழிக்க வட்டமான கால் பென்னி, அடுத்த வருஷம் அரைப் பென்னி. முகத்தில் அரைச் சிரிப்போடு ராஜா. கடைசியில் அவருடைய சொந்தப் பெயர், 'எட்வ்'. பின்பக்கம் 'லண்டன் மாநகரம்' என்று ஊர் மட்டும்.

ஆள் பெயர் இல்லை.

நிர்வாகக் காரணம் இருக்கிறது. தனித்தனி கான்ட்ராக்டர்கள் போய் ஒரே தலைமையின் கீழ் எல்லா நாணயச்சாலைகளும் வந்தன. திறமையான ஏற்பாடுதான். ஆனால் இரண்டு காசையும் அருகருகே வைத்துப் பார்க்கிறபோது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. முன்பு தப்பு நடந்தால் காசைத் திருப்பி ஆளைப் பிடித்தார்கள். இனி திருப்பிப் பார்த்தாலும் யாரும் இல்லை. பழிக்கு வேறு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்.

1290 ஜூலையில் மிச்சமிருந்த யூதர்களையும் எட்வர்ட் நாடு கடத்தினார். அதற்குச் சன்மானமாகப் பாராளுமன்றம் சம்மதித்த வரி, 1,16,000 பவுண்டுக்கும் மேல் வசூலானது. அவர்கள் மறுபடி இங்கிலாந்தில் வெளிப்படையாக வாழ 1656 வரை ஆயிற்று.

இனி கொல்செஸ்டர். லண்டனுக்கு வடகிழக்கே இருக்கும் பழைய ஊர். 1902-ல் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு கட்டடத்துக்காகத் தோண்டியபோது ஈயப் பாத்திரம் ஒன்று அகப்பட்டது. உள்ளே பத்தாயிரத்துக்கும் மேல் குறுஞ்சிலுவைப் பென்னிகள். 1969-ல் அதே இடத்தில் இன்னொரு ஈயப் பாத்திரம். சுமார் 14,000 பென்னிகள், பெரும்பாலும் நெடுஞ்சிலுவை. அவற்றில் இருந்த மணியர்களின் பெயர்களை வைத்து, பெரும் பகுதி 1250-களில் உள்ளே போனது, கொஞ்சம் பின்னால் சேர்த்தது என்று கண்டுபிடித்தார்கள். பின்னால் சேர்த்த காசுகள் 1278-க்குள் முடிகின்றன. அந்த மனை யூதர்களுக்குச் சொந்தமாக இருந்தது என்று பழைய பத்திரங்களைப் புரட்டியவர்கள் சொல்கிறார்கள்.

பாத்திரத்தை எடுக்க யாரும் திரும்பி வரவில்லை.

மேஜையில் கிடக்கிற ஒற்றைக் காசு இவ்வளவும் சொல்லாது. சேர்ந்து கிடந்ததால்தான் சொன்னது. இதைச் சேகரிப்பாளர்கள் புரிந்துகொள்ள ரொம்ப நாள் பிடித்தது. 1807-ல் லிங்கன்ஷயரில் டீல்பி என்ற கிராமத்தில் இரண்டாம் ஹென்றியின் ஆரம்பக் காசுகள் ஐயாயிரத்துச் சொச்சம் கிடைத்தன. நல்லதாகச் சில நூறைப் பொறுக்கிக்கொண்டு, மீதியை என்ன செய்தார்கள் தெரியுமா? லண்டன் டவருக்கு அனுப்பி உருக்கிவிட்டார்கள். வெள்ளிதானே!

இப்போது சட்டம் இருக்கிறது. 1996-ல் நிறைவேறிய புதையல் சட்டம். முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வெள்ளிக் காசு இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து கிடைத்தால் அது புதையல். அரசிடம் சொல்லியே ஆக வேண்டும். மியூசியத்துக்கு முதல் உரிமை. விலையைக் கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒற்றைக் காசு புதையல் கணக்கில் வராது. அதைப் பதிந்துவைக்க 1997-ல் ஒரு தன்னார்வத் திட்டம் ஆரம்பித்தார்கள். உழுத வயலில் மெட்டல் டிடெக்டரோடு அலைகிறவர்கள் கொண்டுவந்து காட்டியதில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதிவாகியிருக்கின்றன. எந்த மூலைச் சந்தையில் எவ்வளவு காசு புழங்கியது என்பது அதிலிருந்துதான் தெரிகிறது.

ஏமாற்றுகிறவர்கள் இல்லாமலா? 2015-ல் ஹெர்ஃபர்ட்ஷயரில் இரண்டு பேர் ஆல்ஃபிரட் ராஜா காலத்துப் புதையலைத் தோண்டி, கமுக்கமாகத் துண்டு துண்டாக விற்றார்கள். சுமார் 300 காசு இருந்திருக்கும் என்று கணக்கு. மீட்டது 30 சொச்சம். 2019-ல் இருவருக்கும் சிறை. ஆனால் கலைந்தது கலைந்ததுதான். அதனால், வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. எங்கே கிடைத்தது, யார் கையில் இருந்தது, பதிவு இருக்கிறதா? சீட்டு இல்லாத காசை நான் தொடமாட்டேன்.

விலை பயப்படும்படி இல்லை. எட்வர்டின் லண்டன், கான்டர்பரி பென்னிகள் மண்ணில் ஏராளமாகக் கிடைப்பதால் சில பத்து பவுண்டுகளுக்கே வரும். வெட்டிய அரைப் பென்னி இன்னும் மலிவு. 1257-ல் மூன்றாம் ஹென்றி ஆசைப்பட்டு அடித்த தங்கப் பென்னி வேறு ஜாதி. அதில் இருந்த தங்கத்தின் மதிப்பு, எழுதிய விலையைவிட அதிகமாகிப்போனதால் எல்லோரும் உருக்கிவிட்டார்கள். எட்டுதான் மிச்சம். அதில் ஒன்று 2021-ல் டெவன் வயலில் கிடைத்து, 2022 ஜனவரியில் 5,40,000 பவுண்டுக்கு ஏலம் போனது. அது நமக்கு வேண்டாம். வெள்ளிக் காசை வாங்கினால், குத்துவிளக்கைத் துலக்குவது போல விபூதி போட்டுத் தேய்க்காமல் இருந்தால் போதும். கறுப்புதான் அதன் மதிப்பு. விளிம்பில் சுற்றிலும் ஒரு கோடு ஓடினால் அச்சில் வார்த்த போலி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எட்வர்ட் காலத்துக் காசில் ஆள் பெயரே கிடையாது என்றேனே, ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் மடத்துக்குச் சொந்தமான நாணயச்சாலை. ராஜா உத்தரவு போட்டும் பழைய வழக்கத்தை அங்கே உடனே விடவில்லை. புதுக் காசின் பின்பக்கம் 'ராபர்ட் டி ஹாட்லே' என்று காசடித்தவரின் பெயர் முழுசாக இருக்கும். அவர் காலம் முடிந்த பிறகு அங்கும் ஊர்ப் பெயர் வந்துவிட்டது. ஏலப் பட்டியலில் அந்தக் காசு வந்தால், ராஜாவின் முகம் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை என்று கை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.